திரையை விட்டு எழுந்ததும் யோசனை வருவது ஏன்?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகைக் கடையில் டிசைனர் வேலை. "காலையிலிருந்து கோரல்டிராவைத் திறந்து வைத்து உட்கார்ந்தாலும் அதே மாங்கா பார்டர்தான் வருகிறது. சாயங்காலம் காசிமேடு மீன்பிடித் துறைமுகம் பக்கம் நடந்தால் யோசனை தானாக வருகிறது. கண் பட்டுவிட்டது, மேஜையில் எலுமிச்சம்பழம் வை என்கிறார் அம்மா. உண்மையில் என்ன நடக்கிறது?"

அம்மாவின் அக்கறை புரிகிறது. ஆனால் இதில் கண்ணேறு எதுவும் இல்லை. யோசனை வறண்டுவிட்டதாக நமக்குத் தோன்றும் நேரத்தில், பெரும்பாலும் பழைய யோசனை ஒன்று வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. 1991-இல் ஜான்சன், ஸ்மித் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். சிந்தாத காபி கோப்பை ஒன்றை வடிவமைக்க வேண்டும், ஸ்ட்ரா கூடாது என்பது வேலை. சிலருக்கு மட்டும் ஸ்ட்ரா வைத்த மாதிரிப் படத்தைக் காட்டினார்கள். கூடாது என்று சொல்லியும் அவர்களில் பலர் ஸ்ட்ராவையே வரைந்தார்கள். ஆகவே, யோசனை வராதபோது பின்டரெஸ்டில் இன்னும் நூறு பத்திரிகைகளைப் பார்ப்பது மாங்கா பார்டரை இன்னும் இறுக்கமாக ஒட்டவே செய்யும் என்பது என் கருத்து. கொஞ்ச நேரம் விலகினால் அந்தப் பிடி தளர்கிறது.

சரி, அப்புறம் புதியது எப்படி வருகிறது? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். கண், தண், இள: மூன்றுக்கும் பின்னால் சேரும் ஒரே சொல் எது? ஒவ்வொரு சொல்லாகப் போட்டுப் பார்த்தும் கண்டுபிடிக்கலாம். 'நீர்' என்று சட்டெனப் பளிச்சிடவும் செய்யலாம். கூனியோஸ், பீமன் என்ற அமெரிக்க ஆய்வாளர்களின் குழுவினர் இதே மாதிரி ஆங்கிலப் புதிர்களைக் கொடுத்து, தலையில் மின்முனைகளைப் பொருத்தி மூளை அலைகளைப் பதிவு செய்தார்கள். 2004-இல் முடிவுகள் வெளிவந்தன. விடை பளிச்சென்று வந்தபோது, அதைச் சொல்லப் பொத்தானை அழுத்துவதற்குச் சுமார் 0.3 நொடி முன்பு, வலது காதுக்குச் சற்று மேலே வேகமான காமா அலை வெடித்துக் கிளம்பியது. சொற்களுக்கு இடையிலுள்ள தூரத்துத் தொடர்புகளை இணைக்கும் இடம் அது.

அதைவிட அழகு அதற்குச் சற்று முன்னால் நடந்தது. தலையின் பின்புறம், பார்வையைக் கையாளும் பகுதியில், நொடிக்குப் பத்து முறை அளவில் துடிக்கும் ஆல்ஃபா அலை எழுந்தது. ஆல்ஃபா எழுந்தால் அந்தப் பகுதி வெளியிலிருந்து வருவதை மட்டுப்படுத்துகிறது என்று பொருள். அதாவது கண் திறந்திருக்கும்போதே மூளை ஒரு கணம் உள்ளுக்குள் இமை மூடிக்கொள்கிறது, மெல்லிய குரலில் பேசுபவரைக் கேட்க நாம் ரேடியோவின் சத்தத்தைக் குறைப்பதைப் போல. கடினமான கேள்வி கேட்டால் நாம் எதிரில் இருப்பவர் முகத்தை விட்டு மேலே பார்ப்பதும் இதனோடு சேர்ந்ததுதான். பளபளக்கும் திரையின் முன்னால் அந்த உள் இமை எளிதில் மூடுவதில்லை.

நடையும் உதவுகிறது. 2014-இல் வெளிவந்த, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வில், நடக்கும்போது புதுமையான யோசனைகள் சராசரியாக 60 சதவீதம் கூடின. வெறும் சுவரைப் பார்த்தபடி டிரெட்மில்லில் நடந்தவர்களுக்கும் பலன் கிடைத்தது. திரும்பி உட்கார்ந்த பிறகும் கொஞ்சம் நீடித்தது. ஆனால் ஒரே விடை உள்ள சொற்புதிர்களுக்கு நடை உதவவில்லை.

'கண், தண், இள' மாதிரியான புதிர்கள் தமிழில் ஆயிரம் செய்யலாம். சேரும்போது சொல்லே உருமாறும் மொழியில் அந்தக் காமா அலை எப்படி எழும் என்று பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை. நம் பல்கலைக்கழகங்களுக்கு இதற்கெல்லாம் பணம் ஒதுக்க வேண்டும்.

வாசகிக்கு ஒன்று. காசிமேட்டில் நடக்கும்போது போனைப் பையிலேயே வையுங்கள், சின்ன நோட்டும் பேனாவும் போதும். ஐஸ் மேல் கிடக்கும் சங்கரா மீனின் ரோஸ் நிறம், காயவைத்த வலையின் கண்கள், விசைப்படகின் பக்கவாட்டில் உரிந்துபோன நீலம் எல்லாம் அங்கே இருக்கின்றன. வலைக்கண்ணை வைத்து ஒரு பார்டர் வரைந்து பாருங்கள்; வந்தால் எனக்கு ஒரு பத்திரிகை அனுப்புங்கள்.