மாதுளையைப் பிடுங்க அவசரப்படாதீர்கள்

ஏப்ரல் பிறந்தால் போதும், "அண்ணா, எங்க மாதுளை போயிடுச்சு, புடுங்கிடட்டுமா?" என்று போன் வரும். நார்த் கரோலினாவில் நாற்றுப்பண்ணை வைத்திருக்கும் எனக்கு வருடம் தவறாமல் வரும் கேள்வி இது. பிடுங்காதீர்கள். பக்கத்து மரமெல்லாம் துளிர்த்த பிறகும் மாதுளை சோம்பேறியாக நிற்கும். அடித்தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பா? இன்னும் கீழே இறங்கிச் சுரண்டுங்கள். 2022 கிறிஸ்துமஸை ஒட்டி அடித்த கடுங்குளிருக்குப் பிறகு ஒரு வீட்டில் போய்ப் பார்த்தேன். ஆளுயர மரம் முழுக்கப் பழுப்பு, மண்ணை ஒட்டி நான்கு விரல்கடை மட்டும் பச்சை. மே கடைசியில் அங்கிருந்து ஏழெட்டுத் துளிர் செக்கச்செவேல் என்று கிளம்பியது.

இலை உதிர்ந்து நன்றாக உறங்கும் மாதுளை மைனஸ் 10 டிகிரி செல்சியஸ் வரை பொதுவாகத் தாங்கும். எங்கள் நார்த் கரோலினாவில் மரத்தைச் சாகடிப்பது பெரும்பாலும் ஜனவரிக் குளிர் இல்லை. இலை உதிருமுன்பே நவம்பரில் விழும் உறைபனி. அப்புறம், பிப்ரவரியில் நாலு நாள் வெயிலைப் பார்த்து மரம் விழித்துக்கொண்ட பிறகு மார்ச்சில் விழும் உறைபனி. அடித்தண்டில் பட்டை நெடுகப் பிளந்துவிடும். அதனால் ஜூலைக்குப் பிறகு தழைச்சத்து உரம் போடாதீர்கள். பாசத்தில் அள்ளிப் போட்டால் இளங்கிளை முற்றாமல் குளிரில் மாட்டும்.

ஒற்றைத் தண்டாக வளர்ப்பதையும் விடுங்கள். நாலைந்து தண்டு விட்டால் ஒன்றிரண்டாவது பிழைக்கும். கடைப் பழத்து விதையை முளைக்கவைத்தால் அதே பழம் வராது. குளிர் தாங்கும் ரகத்தின் வேர்விட்ட குச்சியாக வாங்குங்கள். மேலே கருகினாலும் வேரிலிருந்து வருவது அதே ரகம்தான். சாலவட்ஸ்கி, கசாக்கே இரண்டும் நான் நம்பிக் கொடுப்பவை. துர்க்மெனிஸ்தானின் காரிகாலா ஆய்வு நிலையத்திலிருந்து வந்தவை. கிரிகோரி லெவின் என்ற விஞ்ஞானி ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாதுளை வகைகளைச் சேர்த்துக் காத்த இடம் அது.

உஸ்பெகிஸ்தானின் ஃபெர்கானா பள்ளத்தாக்கில் குளிர்காலத்துக்கு முன் கிளைகளைச் சேர்த்துக் கட்டி, தரையோடு சாய்த்து, மண்ணைப் போட்டு மூடிவிடுகிறார்கள். வசந்தம் வந்ததும் தோண்டி நிமிர்த்துவார்கள். என் முதுகு அதற்கு ஒத்துழைக்காது. அடித்தண்டைச் சுற்றி ஒரு அடிக்கு மண் அணைத்து, மேலே காய்ந்த இலை மூடாக்கு போடுவதோடு நிறுத்திக்கொள்கிறேன். உறைபனி ஓய்ந்ததும் மறக்காமல் விலக்கிவிடுவேன்.

சிகாகோ, டொராண்டோ பக்கம் இருப்பவர்களுக்குத் தொட்டிதான் வழி. இலை உதிர்ந்ததும் ஹீட்டர் இல்லாத கராஜுக்குள் தள்ளிவிடுங்கள். இலையே இல்லாததால் வெளிச்சம் வேண்டாம். மண் வறண்டு போகாமல் மாதம் ஒரு முறை கொஞ்சம் தண்ணீர், அவ்வளவுதான். ஒருவர் இரக்கப்பட்டு ஹால் ஹீட்டர் பக்கத்தில் வைத்தார். ஜனவரியிலேயே துளிர்த்துவிட்டது என்று பெருமையாகப் போட்டோ அனுப்பினார். நூல் மாதிரி வெளிறிய துளிர்கள். மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெயிலுக்கு வெளியே வைத்தவர், ராத்திரி உள்ளே எடுக்க மறந்துவிட்டார்.