லைசென்ஸ்: உரிமமா, இசைவா?

“நீங்கள் விளையாட்டை வாங்கவில்லை, அதன் உரிமையை மட்டும்தான் வாங்குகிறீர்கள்.” 2024 அக்டோபரில், கணினி விளையாட்டுகளுக்கான இணையக் கடையான ஸ்டீம் தளம் பணம் செலுத்தும் பக்கத்தில் ஒரு சிறு அறிவிப்பைச் சேர்த்த நாள் முதல், அதைத் தமிழில் விளக்க வருகிறவர்களிடமிருந்து இந்த வாக்கியத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டு வருகிறேன். டிஜிட்டல் பொருளுக்குப் பணம் கட்டினால் கிடைப்பது அதற்கான லைசென்ஸ்தான் என்பதே அந்த அறிவிப்பின் சாரம். காணொளிகளில் பேசுகிறவர்கள் அதை ‘உரிமை’ என்கிறார்கள். கொஞ்சம் கவனத்தோடு எழுதுகிறவர்கள் ‘உரிமம்’ என்கிறார்கள். முன்னது பொருளைத் தலைகீழாக்குகிறது. ஒரு வீட்டின் உரிமையை வாங்கியவருக்கு அந்த வீடே சொந்தமாகிவிடுகிறது என்றுதான் தமிழில் அர்த்தம்; அதற்கு மேல் வாங்குவதற்கு எதுவும் மிச்சமில்லாதபோது ‘மட்டும்’ என்று குறைத்துச் சொல்வது எப்படிப் பொருந்தும்? பின்னது அவ்வளவு பெரிய பிழை இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதுவே பெரிய தொல்லையாகத் தெரிகிறது. ‘உரிமை’ பேச்சில் தவறி விழுந்த பிழை, ‘உரிமம்’ அகராதியின் முத்திரையோடு வருவது.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லத்தீனில் ‘லிகேரெ’ என்றால் ‘கூடும், தடையில்லை’ என்று பொருள். அதிலிருந்து ‘லிகென்ஷியா’, அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து லைசென்ஸ் ஆயிற்று. வேரிலேயே இருப்பது தடை விலகல். உடைமை அங்கே இல்லை. 1673-இல் தாமஸ் எதிர் சோரல் என்ற இங்கிலாந்து வழக்கில் தலைமை நீதிபதி வாகன் இதை ஐயத்துக்கு இடமின்றி வரையறுத்தார்: லைசென்ஸ் எந்தப் பொருளின் உடைமையையும் கைமாற்றுவதில்லை, அது இல்லாவிட்டால் சட்டத்துக்குப் புறம்பாகியிருக்கும் ஒரு செயலைச் சட்டப்படியானதாக ஆக்குவது மட்டுமே அதன் வேலை. நம் நாட்டின் 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவும், அசையாச் சொத்தைப் பொறுத்து, ஏறக்குறைய இதையே சொல்கிறது. கொடுத்தவர், சில விலக்குகள் நீங்கலாக, அதைத் திரும்பப் பெறலாம் என்று 60ஆம் பிரிவு சொல்கிறது.

இப்போது ‘உரி’ என்ற நம் வேரைப் பாருங்கள். உரியது, உரியவர், உரித்து, உரிமை, உரிமையாளர் என்று இந்தக் குடும்பத்தில் எந்தச் சொல்லை எடுத்தாலும் அது ஒன்று ஒருவருக்குச் சொந்தம் என்ற பொருளையே சுற்றி வருகிறது. கடமை தவறாமல் இரக்கம் காட்ட வல்லவர்களுக்கு “உரிமை உடைத்திவ் வுலகு” என்று குறள் முடிக்கும்போது, உலகம் அவர்களுக்கு உரியது என்றுதான் பொருள் கொள்கிறோம். உலகத்தைப் பயன்படுத்த அவர்களுக்கு அனுமதி உண்டு என்று எந்த உரையாசிரியரும் எழுதியதில்லை. உரிமையின் இன்னொரு முகம் வழிவழியாக வருவது. 1989-இல் தமிழ்நாடு, இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்திக் குடும்பச் சொத்தில் மகள்களுக்குப் பிறப்பால் பங்கு உண்டு என்றாக்கியபோது, ஊர் முழுக்க அதைப் ‘பெண்களுக்குச் சொத்துரிமை’ என்றே சொன்னது. ஸ்டீம் கணக்கையோ, அதில் இருபது ஆண்டுகளாகச் சேர்த்த விளையாட்டுகளையோ உயில் எழுதி மகளுக்குக் கொடுக்க முடியாது. இன்னொருவருக்குக் கணக்கை மாற்றித்தர அதன் ஒப்பந்தம் இடம் தரவில்லை. பிள்ளைக்குக் கொடுக்க முடியாத ஒன்றுக்கு ‘உரி’ என்ற வேரிலிருந்து பெயர் எடுப்பது அந்த வேருக்கே செய்யும் கெடுதல்.

‘உரிமம்’ என்ற சொல்லுக்காக வாதாடுகிறவர்களின் முதல் ஆயுதம் ஓட்டுநர் உரிமம். ஆட்சித் தமிழுக்காக வார்க்கப்பட்டு, அலுவலகப் பலகைகளிலும் பாடநூல்களிலும் ஊன்றிவிட்ட சொல்லை எதற்குக் கலைக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். நான் கலைக்கச் சொல்லவில்லை. ஓட்டுநர் உரிமம் அப்படியே இருக்கட்டும், ஏனென்றால் அங்கே குழப்பத்துக்கு வழியே இல்லை. அட்டையைச் சட்டைப்பையில் வைத்திருக்கிற யாரும் அண்ணா சாலை தனக்குச் சொந்தம் என்று நினைப்பதில்லை. விளையாட்டு அப்படியல்ல. கடைபோல் அடுக்கிய பக்கம், விலை, தள்ளுபடி, கூடை, வாங்கு என்ற பொத்தான், வாங்கியபின் ‘நூலகம்’ என்ற பெயரில் ஒரு அலமாரி என்று எல்லாமே சொந்தமாக்கிக்கொள்ளும் சடங்குகள். கண்ணில் படும் அத்தனையும் ‘இது உன்னுடையது’ என்று சொல்லும் இடத்தில், அதை மறுத்துச் சொல்ல வேண்டிய ஒரே சொல்லும் ‘உரி’ என்று தொடங்கினால் படிப்பவர் என்ன செய்வார்? இதற்கிடையில், இலங்கைத் தமிழர் வண்டி ஓட்டும் அட்டையை ‘சாரதி அனுமதிப்பத்திரம்’ என்கிறார்கள். வடசொல் நிறைந்தது என்று நம் ஊரில் சிலர் முகம் சுளிப்பார்கள். ஆனால் லைசென்ஸ் என்றால் என்ன என்பதை அந்தத் தொடர் ‘உரிமம்’ சொல்வதைவிடச் சரியாகச் சொல்கிறது.

தூய்மையா, தெளிவா என்று வரும்போது நான் தெளிவின் பக்கம். ஒரு சொல் தனித்தமிழாக இருப்பது நல்லதுதான். ஆனால் அது தனித்தமிழாக இருந்துகொண்டு எதிர்ப்பொருளைத் தந்தால், லைசென்ஸ் என்று எழுதிவிட்டுப் போவதே மேல். ஸ்டீம் ஒப்பந்தத்தில், பொருள்கள் விற்கப்படவில்லை, லைசென்ஸ்தான் அளிக்கப்படுகிறது, அந்த லைசென்ஸ் உங்களுக்கு உடைமை எதையும் தராது என்று ஓர் இடம் வருகிறது. வழக்கமான முறையில் அதைத் தமிழாக்கினால் எப்படி வரும் என்று ஒருமுறை எழுதிப் பார்த்தேன்: “உரிமையாளர் உரிமதாரருக்கு வழங்கும் இவ்வுரிமம், பொருளின்மீது அவருக்கு எவ்வுரிமையையும் வழங்காது.” ஒரே வாக்கியத்தில் நான்கு ‘உரி’. உரிமையாளரையும் உரிமதாரரையும் பிரிப்பவை மூன்றே எழுத்துகள். உண்மையில் ஒருவரிடம் எல்லாம் இருக்கிறது, மற்றவரிடம் எதுவும் இல்லை. இதையே, “இந்த இசைவைப் பெறுவதால் பொருள் உங்களுக்குச் சொந்தமாகாது” என்று எழுதினால் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். முதல் வகையை எழுதி அனுப்புகிற மொழிபெயர்ப்பாளர்கள் ஆங்கிலச் சொல்லுக்கு நேரே அகராதிச் சொல்லை வைத்ததோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். தாங்கள் எழுதியதை ஒருமுறை வாய்விட்டுப் படித்தால்கூடப் போதும், அதை வைத்துவிட மனம் வராது.

சென்ற கோடை விடுமுறையில் அக்கா மகனோடு சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு ரயிலில் போனேன். பொங்கலுக்குக் கிடைத்த காசைச் சேர்த்து ஒரு விளையாட்டு வாங்கி மடிக்கணினியில் ஏற்றி வைத்திருந்தான். விழுப்புரம் தாண்டி அலைவரிசை அறுந்திருந்த நேரத்தில் அதைத் திறந்தான். இணையத்தில் இணைந்து சரிபார்த்த பிறகே ஆட முடியும் என்று திரை சொன்னது. “காசு குடுத்து வாங்குனதுதானே மாமா, எதுக்கு மறுபடியும் கேக்குது?” என்றான். நீ வாங்கியது லைசென்ஸ்தான் என்று சொன்னேன். “லைசென்ஸ்னா உரிமம். உரிமம்னா உரிமைதானே? அப்போ என்னோடதுதானே?” என்றான். விருத்தாசலத்தில் அலைவரிசை வந்து விளையாட்டும் திறந்துகொண்டது. அவன் கேட்டதற்கு ‘உரிமம்’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு பதில் சொல்ல என்னால் முடியவில்லை.

வேறு சொற்களையும் சிலர் முன்வைக்கிறார்கள். பத்திரம் எழுதுகிறவர்களிடம் கிரயம், ஒத்தி, போக்கியம், குத்தகை, வாடகை என்று நுணுக்கமான சொல்வரிசையே இருக்கிறது. அதைத் தேடிப் போனது நல்ல எண்ணம்தான். ஆனால் குத்தகைக்கும் ஒத்திக்கும் கெடு உண்டு, கெடு முடியும்வரை நிலம் கையில் இருக்கும் என்ற உறுதி உண்டு. வாடகை மாதாமாதம் கொடுப்பது. இரவலுக்குக் காசு இல்லை. ‘அனுமதி’ என்று எழுதுகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ‘அனுமதி இலவசம்’, ‘மருத்துவமனையில் அனுமதி’ என்று அது உள்ளே விடுதலையும் சேர்த்துச் சுமப்பதால் ‘விளையாட்டு அனுமதி’ நுழைவுச்சீட்டுபோல் ஒலிக்கிறது.

ஆகவே ‘இசைவு’. இசைதல் என்றால் உடன்படுதல். சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘இசைவு தீட்டு’ என்று உடன்படிக்கை ஆவணத்துக்குப் பெயர் இருக்கிறது. இன்றும் ஒரு தொழிற்சாலை இயங்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தருவதை ‘இசைவாணை’ என்கிறோம். தந்தவர் திரும்பப் பெறலாம் என்பதும், நிபந்தனைக்கு உட்பட்டது என்பதும் அதிலேயே விளங்குகிறது. உடன்படிக்கை இருதரப்பானது, லைசென்ஸ் ஒருவர் கொடுப்பது, ஆகவே பொருந்தாது என்று ஒரு மறுப்பு எழலாம். ‘அப்பாவின் இசைவோடு’ என்று சொல்லும்போது ஒருவர் கொடுப்பதைத்தானே சொல்கிறோம்?

‘வாங்கு’ என்ற வினையைப் பற்றியும் ஒரு சொல். கடன் வாங்கலாம், இரவல் வாங்கலாம், அடியும் வாங்கலாம். தமிழில் அது பெற்றுக்கொள்வது என்ற அளவிலேயே நிற்கும் சொல். சொந்தமாக்கிக்கொள்வதைச் சொல்ல ‘விலைக்கு வாங்கு’ என்ற தொடர் இருக்கிறது. கலிஃபோர்னியா மாநிலம் ஏ.பி. 2426 என்ற சட்டத்தை இயற்றி, 2025 ஜனவரி 1 முதல், தருவது லைசென்ஸ்தான் என்று தெளிவாகத் தெரிவிக்காமல் ‘வாங்கு’ வகைச் சொற்களைக் கடைகள் பயன்படுத்தக்கூடாது என்று சொல்ல வேண்டியிருந்தது. இணையமே இல்லாமல் நிலையாக வைத்துக்கொள்ளும்படி இறக்கித்தரும் பொருளுக்கு அந்தச் சட்டம் விலக்கு அளிக்கிறது. ஸ்டீம் போன்ற இன்னொரு கடையான ஜி.ஓ.ஜி. தளம் நிறுவுகோப்பையே இறக்கி வன்வட்டில் வைத்துக்கொள்ள விடுகிறது. அங்கேயும் ஒப்பந்தத்தில் இருப்பது லைசென்ஸ்தான் என்றாலும், கோப்பு நம் கையில் இருக்கிறது. தமிழ்ப் பொத்தான் எழுதுகிறவர் அங்கே ‘விலைக்கு வாங்கு’ என்றும் மற்ற இடங்களில் ‘இசைவு பெறு’ என்றும் எழுதலாம்.

இப்படி எழுதினால் நிறுவனங்களுக்கு விட்டுக்கொடுத்ததாகிவிடாதா என்று நண்பர் ஒருவர் கவலையோடு கேட்டார். அவர் கவலையில் நியாயம் உண்டு. ஐரோப்பிய நீதிமன்றம் 2012 ஜூலையில் யூஸ்டுசாஃப்ட் எதிர் ஆரக்கிள் வழக்கில், காலவரையின்றி, ஒரு தொகைக்கு ஈடாக மென்பொருளைக் கொடுத்தால், அதற்கு லைசென்ஸ் என்று பெயரிட்டாலும் அது விற்பனைதான் என்றது. அதே திசையில் ஸ்டீம் விளையாட்டுகளை மறுவிற்பனை செய்யலாம் என்று பாரிஸில் 2019-இல் வந்த தீர்ப்பு, 2022-இல் மேல்முறையீட்டில் கவிழ்ந்தது. உடைமைக்கான போராட்டம் தொடர வேண்டியதுதான். ஆனால் கையில் இருப்பது வெறும் இசைவு என்று தெரிந்தவரே உடைமை வேண்டும் என்று கேட்பார். உரிமம் இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர் எதற்குக் கேட்பார்?

2014-இல் வந்த ‘தி க்ரூ’ என்ற பந்தய விளையாட்டின் சர்வர்களை அதை வெளியிட்ட யூபிசாஃப்ட் நிறுவனம் 2024 மார்ச் 31 அன்று நிறுத்தியது. தனியாக ஆடுவதற்கும் அந்த சர்வர் தேவைப்பட்டதால் விளையாட்டு முழுவதும் செத்தது. அடுத்த சில நாட்களில் பணம் கொடுத்தவர்களின் கணக்கிலிருந்து லைசென்ஸும் பறிக்கப்பட்டது. விளையாட்டுகளை இப்படிச் சாகடிக்கக்கூடாது என்று கோரும் ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கம் எழுந்ததும், 2025 ஜூலையில் அதன் ஐரோப்பிய மனு 10 லட்சம் கையெழுத்துகளைக் கடந்ததும் இதிலிருந்துதான். இந்தச் செய்தியைத் தமிழில் சொல்லும்போது ‘வாடிக்கையாளர்களின் உரிமம் ரத்து’ என்று எழுதுகிறார்கள். நம் நாளிதழ்களில் குடித்துவிட்டு வண்டி ஓட்டியவரின் உரிமம் ரத்தாகும், கலப்படம் செய்த கடையின் உரிமம் ரத்தாகும். படிக்கிறவருக்கு ஆடியவர்கள் ஏதோ தவறு செய்துவிட்டார்கள் என்றே தோன்றும். “நிறுவனம், தான் காசு வாங்கிக்கொண்டு கொடுத்த இசைவைத் திரும்ப எடுத்துக்கொண்டது” என்று எழுதுங்கள். யார் எதைச் செய்தார் என்பது அப்போது தெரியும்.