சொல் விளக்கம்: உயிரொளிர்வு

நுவரெலியாப் பக்கம், மழை விட்ட ஓர் அமாவாசை இரவு. தேயிலை மலைக்கு மேலே காட்டோரத்தில் உளுத்துக் கிடந்த கட்டையின் முன் முக்காலியை நிறுத்தி, டோர்ச்சை அணைத்தேன். கால் மணி நேரம் ஒன்றும் தெரியவில்லை. காலில் அட்டை ஏறியதுதான் மிச்சம். பிறகு, திருநீறு பூசினாற்போல் நாலைந்து காளான் குடைகள் இருட்டிலிருந்து பிரிந்து வந்தன. இரண்டு நிமிடம் திறந்திருந்த கமரா அவற்றைப் பச்சையாகக் காட்டியது. அவ்வளவு மங்கிய வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு நிறம் பிடிபடாது.

படத்தைப் பார்த்துத் தாத்தா ‘கொள்ளிவாய்ப் பிசாசு’ என்றார். நண்பன் ‘பொஸ்பரஸ் காளான்’ என்றான். இரண்டுமே பொருந்தாது. கொள்ளி சுடும், இந்த வெளிச்சத்தில் சூடு இல்லை. பொஸ்பரசுக்கும் இதில் வேலை இல்லை. காளானிலுள்ள லூசிபெரின் என்னும் பொருள், நொதியின் துணையோடு ஒட்சிசனுடன் சேரும்போது ஒளி பிறக்கிறது. வேடிக்கை என்னவென்றால், கிரேக்கத்தில் ‘பொஸ்பரஸ்’, இலத்தீனில் ‘லூசிபர்’ இரண்டுக்கும் ‘ஒளி கொணர்வது’ என்றே பொருள். இரண்டும் விடிவெள்ளியின் பெயர்கள். லூசிபெரின் என்று 1880களில் பெயரிட்டவர் பிரெஞ்சு அறிஞர் ரபாயேல் டுபுவா. அவர் ஆராய்ந்தவை வண்டும் மட்டியும்; காளான் அல்ல.

இப்படி உயிர்கள் தாமே ஒளிவிடுவதைக் குறிக்கும் ‘பயோலுமினசென்ஸ்’ ஒரு கலப்புச் சொல். ‘பயோஸ்’ கிரேக்கம், உயிர். ‘லூமென்’ இலத்தீன், ஒளி. தமிழில் ‘உயிரொளி’ என்றும் எழுதுகிறார்கள். எனக்கு அது தேவாரம் போல ஒலிக்கிறது. ஒளி பொருளைக் குறிக்கும். ‘ஒளிர்வு’ நிகழ்வைக் குறிக்கும். ஆகவே ‘உயிரொளிர்வு’. புறஊதா டோர்ச் அடித்து மினுங்க வைப்பது வேறு. அது வெளியிலிருந்து வாங்கிய ஒளியைத் திருப்பித் தருவது. அதற்கு ‘உடனொளிர்வு’ என்ற சொல் இருக்கிறது.

அவுஸ்திரேலியாவின் தாஸ்மேனியத் தீவுக் காட்டில் எடுத்த ஒளிரும் காளான் படங்களைப் பார்த்துவிட்டு நம் காட்டையும் ‘மிதவெப்ப மழைக்காடு’ என்று எழுத வேண்டாம். ஹோர்ட்டன் சமவெளி 2,000 மீற்றருக்கு மேல் குளிரில் நடுங்கினாலும் வெப்பவலயத்துக்குள்தான் இருக்கிறது. அங்குள்ளது முகில்காடு.

காளானுக்கு ‘ஒளிர்காளான்’ போதும். சுடுசோறு, ஊறுகாய் போல வினைத்தொகை: ஒளிர்ந்த, ஒளிர்கின்ற, ஒளிரும் என மூன்று காலத்துக்கும் பொருந்தும். மறுநாள் இரவு அதே கட்டைக்குப் போனேன். குடைகள் கறுத்து அழுகிக் கிடந்தன.