பழைய மஸ்டாங் வாங்கப் போகிறீர்களா? எஞ்சினை அப்புறம் பாருங்கள்

மிச்சிகனில் பழைய கார்களைப் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை செய்கிறேன். ஒரு காரை வாங்கும் முன் லிஃப்டில் ஏற்றி, அதன் நிஜ நிலைமை என்ன என்று வாங்குபவருக்குச் சொல்வதும் என் வேலையில் ஒரு பகுதி. இங்கே மாஸ்டர்ஸ் படிக்க வந்திருக்கும் நம் பிள்ளைகளிடமிருந்து அடிக்கடி இப்படி ஒரு ஃபோன் வரும்: “அண்ணா, 1966 மாடல் ஃபோர்டு மஸ்டாங் கார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 12,000 டாலர்தான் சொல்கிறார்கள். எஞ்சின் சத்தம் அருமையாக இருக்கிறது. வாங்கிடலாமா?”

அந்த ஆசையைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். 1964-இல் போன்டியாக் கம்பெனி ஒரு நடுத்தர அளவு காரில் 389 கன அங்குல வி-8 (எட்டு சிலிண்டர்) எஞ்சினை வைத்து ஜிடிஓ என்று விற்றது. அதே ஆண்டு ஏப்ரலில் ஃபோர்டு மஸ்டாங் வந்தது. பிறகு கமாரோ, சார்ஜர், சேலஞ்சர் என்று இதே வகைக் கார்கள் வந்தன. 1971-இல் ஈயமில்லாத பெட்ரோலுக்கு ஏற்றபடி ஜெனரல் மோட்டார்ஸ் தன் எஞ்சின்களின் அழுத்த விகிதத்தைக் குறைத்தது, அதோடு சக்தியும் குறைந்தது, 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தது, அந்தக் காலம் முடிந்துபோனது. பத்து ஆண்டுகூட நீடிக்காத ஒரு காலத்தின் கார்கள் இவை. இளைஞர்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை, இன்று பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்களின் கராஜில் நிற்கின்றன. அதில் ஒன்றை ஒரு மாணவர் ஓட்ட நினைத்தால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்த ஃபோனில் வருகிற “எஞ்சின் சத்தம்” என்ற வார்த்தைதான் எனக்குக் கவலை.

பழைய அமெரிக்கக் காரில் எஞ்சின் பெரிய பிரச்சினையே இல்லை. ஃபோர்டு 289, ஷெவர்லே 350 (எண்கள் கன அங்குலத்தில் எஞ்சின் அளவு) போன்றவற்றுக்கு இன்றும் எல்லா உதிரிபாகமும் புதிதாகக் கிடைக்கிறது. கார்பரேட்டரைக் கழற்றி, சுத்தம் செய்து, கேஸ்கெட் மாற்றி மாட்டுவதை ஒரு சனிக்கிழமை உட்கார்ந்தால் நீங்களே கற்றுக்கொள்ளலாம். உங்கள் பணத்தை விழுங்கப்போவது தகரம். துருப்பிடித்த தரையை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைக்கிற வேலையில் தகட்டின் விலை சொற்பம், வெல்டருக்குக் கொடுக்கும் கூலிதான் மலை. இந்த ஊரில் ஒரு மணி நேரக் கூலி 100 டாலருக்கு மேல் போகும், டிங்கரிங் வேலை சில மணி நேரத்தில் முடியாது.

முதல் தலைமுறை மஸ்டாங்கில் நான் முதலில் பார்ப்பது முன் கண்ணாடிக்கும் பானெட்டுக்கும் நடுவில், வைப்பருக்குப் பக்கத்தில் இருக்கும் காற்றுத் துளைகளை. மழைத்தண்ணீர் அதற்குள் இறங்கி ஓரமாக வடிய வேண்டும். உள்ளே தண்ணீர் காருக்குள் வராமல் தடுக்க, தொப்பி கவிழ்த்தது போல ஒரு வளையம் இருக்கும். இலைச் சருகு சேர்ந்து ஈரம் தங்கி, அந்த வளையத்தின் அடி அரித்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. விற்பவரிடம் கேட்டுவிட்டு, ஒரு வாளித் தண்ணீரை அந்தத் துளைகளில் மெதுவாக ஊற்றுங்கள். நண்பர் ஒருவர் டார்ச்சோடு உள்ளே டேஷ்போர்டுக்கு அடியில் பார்த்துக்கொண்டிருக்கட்டும். சொட்டு விழுந்தால் விஷயம் முடிந்தது. அதைச் சரிசெய்ய முன்பக்க ஃபெண்டர்களைக் கழற்றி, வரிசையாக இருக்கும் ஸ்பாட் வெல்டுகளை ஒவ்வொன்றாகத் துளைத்து எடுத்துத் திறக்க வேண்டும். சமீபத்தில் ஒரு மாணவர் கொண்டுவந்த சிவப்பு மஸ்டாங்கில் தரைவிரிப்பு புத்தம் புதிதாக இருந்தது. தண்ணீர் ஊற்றினோம், பக்கத்து சீட் கால் வைக்கிற இடத்தில் ஒழுகியது. விரிப்பைத் தூக்கினால், துருப்பிடித்த தரைமேல் ரிவெட் அடித்து ஒட்டுத் தகடு வைத்திருந்தார்கள். பெயின்ட் பளபளவென்று மின்னியது.

பெயின்ட் மின்னினால் காந்தத்தை எடுங்கள். குளிர்பெட்டியில் ஒட்டும் மெல்லிய காந்தம் போதும், கீறாமல் இருக்கத் துணி சுற்றிக்கொள்ளுங்கள். பின் சக்கரத்துக்கு மேலேயும் பின்னாலேயும், கதவின் அடியிலும் வைத்துப் பார்த்தால், பெயின்டுக்கு அடியில் பட்டி கனமாகப் பூசிய இடத்தில் காந்தம் ஒட்டாது. அறுபது வருடக் காரில் கொஞ்சம் பட்டி இருக்கத்தான் செய்யும், அதற்குப் பயப்பட வேண்டாம். உள்ளங்கை அகலத்துக்கு ஒட்டவில்லை என்றால் அங்கே தகரமே இல்லாமல்கூட இருக்கலாம். காருக்கு அடியில் புதிதாகக் கறுப்புக் கோட்டிங் அடித்திருந்தால் எனக்கு உடனே சந்தேகம் வரும். பழைய கோட்டிங் காய்ந்து வெடித்திருக்கும், அது நல்லது, உள்ளே இருப்பது தெரியும். கமாரோ, ஃபயர்பேர்டு என்றால் பின் கண்ணாடி ஓரம் ஒழுகி டிக்கித் தரை போயிருக்கும். கூரைமேல் வினைல் (தோல் போன்ற பிளாஸ்டிக் உறை) ஒட்டிய எந்தக் காரானாலும் அந்த வினைலுக்கு அடியில் ஈரம் தங்கும், ஓரங்களில் கொப்புளம் தெரிகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

பனிக்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டும் மிச்சிகன், ஒஹாயோ கார்களைவிட அரிசோனா, நியூ மெக்சிகோ கார்களின் தகரம் நன்றாக இருக்கும். வெயிலில் சீட்டும் டேஷ்போர்டும் வெடித்திருக்கும், அவற்றை மாற்றிக்கொள்ளலாம்.

இனி உயிர் சம்பந்தப்பட்டது. 1966 வரை வந்த பெரும்பாலான கார்களில் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் பாகம்) ஒற்றை அறை கொண்டது. ஒரு சக்கரத்தில் பிரேக் ஆயில் ஒழுகினால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். 1967-இல் தான் இரட்டை அறை பரவலாக வந்தது. பானெட்டைத் திறந்து பாருங்கள், ஒற்றை அறையாக இருந்தால் மற்ற எந்த வேலைக்கும் முன் அதை இரட்டையாக மாற்றுங்கள். பெரிய செலவில்லை. அந்தக் கால மஸ்டாங்கில் பெட்ரோல் டேங்கின் மேல்பகுதியே டிக்கியின் தரை, இடையில் வேறு தகடு கிடையாது, அதனால் கசிவுக்கு இடமே கொடுக்கக் கூடாது. பழைய ரப்பர் பெட்ரோல் குழாய்களை இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோல் அரித்துவிடும், எல்லாவற்றையும் புதிதாக்குங்கள். 1968-க்கு முந்தைய பல கார்களில் தோள் பெல்ட் இருக்காது, இடுப்புக்கு மட்டும்தான். இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் நண்பர்களை ஏற்றிக்கொண்டு ஹைவேயில் போக வேண்டும்.

வி-8 என்று சொல்லி விற்கப்படுகிற மஸ்டாங்கின் சக்கரத்தைப் பாருங்கள். 65, 66-இல் ஆறு சிலிண்டர் காருக்கு நான்கு போல்ட், வி-8 காருக்கு ஐந்து. வி-8 எஞ்சினும் நான்கு போல்ட் சக்கரமும் சேர்ந்திருந்தால், யாரோ எஞ்சினை மட்டும் மாற்றி, சின்ன பிரேக்கை அப்படியே விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். விலை பேச அல்ல, வீட்டுக்குத் திரும்ப அதுவே போதுமான காரணம். வின் நம்பரில் (காரின் அடையாள எண்) ஐந்தாவது எழுத்து எஞ்சினைச் சொல்லும்: ‘T’ என்றால் ஆறு சிலிண்டர், ‘C’, ‘A’, ‘K’ என்றால் 289 வி-8. ஜிடிஓ என்றால் 1966 முதல் 1971 வரை நம்பர் 242 என்று தொடங்க வேண்டும். அப்படி இல்லாதது ஜிடிஓ பேட்ஜ் ஒட்டிய, அதே போன்டியாக்கின் சாதாரண லெமான்ஸ் அல்லது டெம்பெஸ்ட் கார். 17 இலக்க வின் நம்பர் வந்ததே 1981-இல் என்பதால், இணையத்தில் வாங்கும் வாகன வரலாற்று அறிக்கை இந்தக் கார்களுக்குக் கிடைக்காது. கதவுத் தகட்டிலும் காரின் உடம்பிலும் பொறித்த நம்பரும், டைட்டிலில் (கார் உரிமைப் பத்திரம்) உள்ள நம்பரும் ஒன்றா, அதிலுள்ள பெயரும் விற்பவரின் பெயரும் ஒத்துப்போகின்றனவா என்று நீங்களேதான் பார்க்க வேண்டும். டைட்டில் இன்னொருவர் பெயரில் இருக்கிறது, அப்புறம் தருகிறேன் என்றால் பணம் கொடுக்காதீர்கள்.

இன்சூரன்ஸைக் காரைப் பார்க்கப் போகும் முன்பே விசாரியுங்கள். கிளாசிக் காருக்கான பாலிசி மலிவுதான், விபத்தில் கார் போனாலும் முன்பே பேசிய தொகை கிடைக்கும். ஆனால் அதைத் தரும் கம்பெனிகள் பொதுவாகக் கேட்பது: அன்றாட ஓட்டத்துக்கு வேறொரு கார், பூட்டிய கராஜ், சில வருட ஓட்டுநர் அனுபவம். அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் நிறுத்தி, வகுப்புக்கும் வேலைக்கும் அதிலேயே போகிற மாணவருக்கு அது பெரும்பாலும் கிடைக்காது.

அதனால் கையில் 12,000 இருந்தால் 8,000-க்கு மேல் காருக்குக் கொடுக்காதீர்கள், மிச்சம் முதல் வருடத்திலேயே கரையும். அந்த விலைக்கு நல்ல தகரம் உள்ள மஸ்டாங் கிடைப்பது கஷ்டம். அதே காலத்து டாட்ஜ் டார்ட், பிளிமத் வேலியன்ட் கார்களைப் பாருங்கள். அவற்றில் வரும் 225 எஞ்சின் 30 டிகிரி சாய்ந்து நிற்கும் ஆறு சிலிண்டர், லேசில் சாகாது. நான்கு கதவு என்றால் விலை இன்னும் குறையும்.

உங்களுக்கு இது ஒன்றுதான் கார் என்றால் என் பேச்சைக் கேட்டு 1999 முதல் 2004 வரையிலான மஸ்டாங் ஜிடி பக்கம் போங்கள். 260 குதிரைத்திறன், ஏர்பேக், தோள் பெல்ட் எல்லாம் உண்டு, சாதாரண இன்சூரன்ஸ் போதும், கோளாறு என்றால் ஸ்கேனர் மாட்டிப் படிக்கலாம். 2001 வரை வந்ததில் எஞ்சின் மேலுள்ள பிளாஸ்டிக் இன்டேக் மேனிஃபோல்டின் (சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுபோகும் பாகம்) முன்பக்கம் விரிசல் விட்டுக் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) கசியும். அங்கே அலுமினியக் குழாய் உள்ள புதிய வகையாக மாற்றப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். 1993 முதல் 1997 வரையிலான வி-8 கமாரோவில் டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் பாகம்) வாட்டர் பம்ப்புக்கு நேர் கீழே இருக்கிறது. பம்ப் ஒழுகினால் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும். எஞ்சின் ஆறியிருக்கும்போது பம்ப்புக்கு அடியில் கையை விட்டுத் துடைத்துப் பாருங்கள், விரலில் ஈரமோ காய்ந்த கூலன்ட் பொடியோ வந்தால் அந்தச் செலவை விலையிலிருந்து கழிக்கச் சொல்லுங்கள்.