வழியில் இருக்கும் சரக்கையும் எண்ணுங்கள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஸ்பிரிங் தயாரிக்கிற ஒரு சின்னத் தொழிற்சாலை. உரிமையாளர் என்னைக் கூப்பிட்டதே ஒரு புகாருக்காகத்தான். "கம்பி டீலர் சரியில்லை சார், நல்ல ஆளா பாத்துக் கொடுங்க." இரண்டு வருடத்தில் அது மூன்றாவது டீலர். ஆள் மாறிக்கொண்டே இருக்கிறார், தட்டுப்பாடு மட்டும் மாறாமல் இருக்கிறது என்றால் டீலரைச் சந்தேகப்பட்டு என்ன பயன்?

ஒரகடத்தில் இருக்கும் அவருடைய வாடிக்கையாளரின் உற்பத்தி லைனில் வாராவாரம் எவ்வளவு ஸ்பிரிங் செலவானது, இவர் கம்பிக்கு எவ்வளவு ஆர்டர் போட்டார் என்று ஆறு மாதக் கணக்கை எடுத்து ஒரே கிராஃபில் போட்டேன். முதல் கோடு லேசாக ஏறி இறங்கியது. இரண்டாவது கோடு ஏற்காடு ரோடு மாதிரி இருந்தது. உரிமையாளர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது நாங்க போட்ட ஆர்டரா?" என்றார்.

எப்படி இப்படி ஆகிறது? புரிவதற்காக ஒரு கணக்கு. வாடிக்கையாளர் லைனில் தினமும் 1,000 ஸ்பிரிங் செலவு, வாரம் ஆறு நாள், எல்லாரும் 15 நாள் சரக்கு கையில் வைப்பது என்று ஒரு விதி. ஒரு வாரம் மட்டும் செலவு தினமும் 1,200 ஆகிறது. வாடிக்கையாளரின் ஸ்டோர்ஸ் என்ன செய்யும்? செலவான 7,200 வேண்டும், அப்புறம் 15 நாள் இருப்பு 15,000-இலிருந்து 18,000 ஆக வேண்டும், அதற்கு 3,000. ஆக 10,200-க்கு ஆர்டர். லைனில் 20 சதவீதம் கூடியது, ஆர்டரில் 70 சதவீதம் ஆகிவிட்டது. நம் ஸ்பிரிங்காரர் அதை நாளுக்கு 1,700 என்று எடுத்துக்கொண்டு அதே விதியைப் போட்டால், கம்பி டீலருக்குப் போவது 20,700 ஸ்பிரிங்குக்கான ஆர்டர். வழக்கமான 6,000-ஐப் போல மூன்றரை மடங்கு! அடுத்த வாரம் லைன் பழையபடி 1,000-க்குத் திரும்பினால், ஸ்டோர்ஸ் வெறும் 3,000 கேட்கும், ஸ்பிரிங்காரர் கம்பியே கேட்க மாட்டார். இதில் யாரும் தப்பு செய்யவில்லை, அவரவர் விதிப்படி ஒழுங்காகத்தான் நடந்தார்கள். டீலர் மட்டும் திட்டு வாங்கினார்.

இதற்குப் புல்விப் எஃபெக்ட் என்று பெயர், சாட்டையின் பிடியை லேசாக ஆட்டினால் நுனி பறக்கிற மாதிரி. ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்க்காமல் சங்கிலியை மொத்தமாகப் பார்ப்பதைத்தான் சிஸ்டம்ஸ் திங்கிங் என்கிறோம். எம்.ஐ.டி.யின் ஜே ஃபாரெஸ்டர் 1950-களில் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் கென்டக்கி ஆலைகளைப் பார்த்தபோதும் இதே கதைதான். சில வருடம் ஓவர்டைம், சில வருடம் ஆட்குறைப்பு. வெளிச்சந்தைதான் காரணம் என்று நினைத்திருந்தார்கள், ஆனால் உள்ளே ஆர்டர் போடுகிற முறையே அந்த ஏற்ற இறக்கத்தை உண்டாக்கியது. அதே எம்.ஐ.டி.யின் ஜான் ஸ்டெர்மன், பீர் கேம் என்ற, கடையிலிருந்து ஆலைவரை சங்கிலியாக ஆர்டர் போடும் விளையாட்டை ஆடியவர்களை ஆராய்ந்து 1989-இல் எழுதியது இன்னும் நமக்கு நெருக்கமானது: ஏற்கெனவே ஆர்டர் போட்டு வழியில் வந்துகொண்டிருக்கும் சரக்கை மனிதர்கள் சரியாகக் கணக்கில் எடுப்பதில்லை.

அம்பத்தூரிலும் அதுதான். பர்ச்சேஸ் பையன் ரேக்கைப் பார்த்து ஆர்டர் போட்டான், ஏற்கெனவே போட்டு இன்னும் சரக்கு வரவேண்டிய பி.ஓ.வை (பர்ச்சேஸ் ஆர்டரை) பார்க்கவில்லை. தட்டுப்பாடு என்று பேச்சு வந்தால் இரண்டு டீலரிடம் ஒரே சரக்கைச் சொல்லிவைப்பதும் நடந்தது. சிரிக்காதீர்கள், 2019 கோடையில் எங்கள் அப்பார்ட்மென்டில் நாங்களும் இரண்டு தண்ணி லாரிக்குச் சொல்லிவைத்தவர்கள்தான்.

சாஃப்ட்வேர் எதுவும் வாங்கச் சொல்லவில்லை. ரேக்கில் இருப்பதோடு வழியில் வருவதையும் சேர்த்துக் கூட்டி, அதற்கு மேல் தேவைப்பட்டால் மட்டும் ஆர்டர். மாதம் ஒருமுறை மொத்தமாகக் கேட்காமல் வாராவாரம் கொஞ்சமாகக் கேட்பது. முக்கியமாக, வாடிக்கையாளரின் ஸ்டோர்ஸ் ஆர்டரை நம்பாமல் லைனில் அன்றாடம் என்ன செலவாகிறது என்பதைக் கேட்டு வாங்குவது. இதற்குத்தான் அதிகம் அலைய வேண்டியிருந்தது. "எங்க டேட்டாவை உங்களுக்கு ஏன் தரணும்?" என்றார்கள். அந்தக் கிராஃபைக் காட்டிய பிறகு வாட்ஸ்அப்பில் தினமும் ஒரு எண் வர ஆரம்பித்தது.

நான்காவது டீலரைத் தேடவில்லை. ஆனால் மாதக்கடைசியில் டீலர் தள்ளுபடி என்று சொன்னால் நம்மவர் இன்னும் ஒரு லோடு கூடுதலாக இறக்கிவிடுகிறார். கேட்டால், "அதை மட்டும் விட மனசு வரலை சார்" என்கிறார்.