‘கெடச்சிருச்சுங்க’ என்ற ஒரு வரி

ஈரோட்டில் ரத்த வங்கி ஆலோசகர் வேலை எனக்கு. அந்த வேலையோடு ஒட்டிக்கொண்டு வந்தது கொடையாளர்களின் வாட்ஸ்அப் குரூப். சென்னிமலை, பெருந்துறை, பவானி, கோபி என்று சுற்றுவட்டாரத்து ஆட்கள் 400 பேருக்கு மேல். ‘ஓ நெகட்டிவ், அவசரம்’ என்று போட்டால் பத்துப் பேர் கும்பிடு போடுவார்கள், நாலு பேர் அடுத்த குரூப்புக்குத் தள்ளிவிடுவார்கள். கை நீட்டிப் படுக்கத்தான் ஆள் வராது.

ஒரு நாள் சாயங்காலம் ஒரு பெண் போன் செய்தார். “ஏனுங்க, இன்னும் எத்தன பேருங்க கூப்புடுவாங்க? எங்க மாமா தவறி எட்டு மாசமாச்சுங்க.” அவர் மாமாவுக்கு ரத்தம் கேட்டு எட்டு மாதத்துக்கு முன்னால் செய்தி தட்டிப் போட்டது நான்தான். தேதி இல்லை, அந்தப் பெண்ணின் நம்பர் மட்டும் இருந்தது. யாரோ நல்ல மனசோடு மறுபடி கிளப்பிவிட்டிருக்கிறார்கள். அன்றைக்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டதைத் தவிர வேறு ஒன்றும் பேச முடியவில்லை.

அதிலிருந்து, தேதியும் எத்தனை மணி வரைக்கும் என்பதும் இல்லாமல் ஒரு செய்தி போவதில்லை. நோயாளி வீட்டு நம்பர் கிடையாது, ரத்த வங்கியின் போன் நம்பர்தான். ஏழு நாளில் தானாக மறைகிற வசதியையும் போட்டோம். ஆனால் வெளியே போய்விட்ட நகலுக்கு அது செல்லாது. தேதியைச் செய்திக்குள்ளேயே எழுதுவதுதான் காப்பு.

ஆனாலும் ஆட்கள் வரவில்லை. காரணத்தைச் சொன்னவர் சென்னிமலைப் பக்கம் தறி ஓட்டுகிற ஒரு தம்பி. ஒரு குழந்தைக்காக வந்து கொடுத்தார். மறுநாள் குரூப்பில், “அந்தப் பாப்பா எப்படி இருக்குதுங்க்கா?” என்று கேட்டார். நான் பார்த்தேன், வேலையில் மறந்துவிட்டேன். மூன்றாம் நாள் குரூப்பை விட்டே போய்விட்டார். கூப்பிட்டுக் கேட்டால், “குடுத்தது போய்ச் சேந்துதான்னே தெரியலீங்க்கா. பொறகு என்னத்துக்குங்க?” என்றார்.

சுருக்கென்றது. கேட்கத்தான் தெரிந்திருந்தது எங்களுக்கு, திரும்பிப் போய்ச் சொல்லத் தெரியவில்லை. இப்போது ஒவ்வோர் அழைப்பையும் ‘கெடச்சிருச்சுங்க’ என்று எழுதித்தான் மூடுகிறோம். வீட்டார் சம்மதித்தால், பேர் சொல்லாமல், ‘பாப்பா கண்ணு முழிச்சிருச்சு’ என்று இன்னொரு வரி. பிழைக்காமல் போனால் அதையும் எழுதுகிறோம். கூடவே ஓர் உண்மையையும் சொல்லிவிடுவேன். நீங்கள் கொடுத்த பை, ஹெச்ஐவி, மஞ்சள் காமாலை பி, சி, சிபிலிஸ், மலேரியா எல்லாம் சோதித்த பிறகுதான் வெளியே போகும். அதற்குள் இருப்பிலிருந்த வேறொருவர் பை அந்தப் பாப்பாவுக்கு ஏறியிருக்கலாம், உங்களுடையது இன்னொரு உயிருக்குப் போகும். இதைக் கேட்டு யாரும் மனசு சுணங்கியதில்லை.

இன்னொரு சிக்கல் இடைவெளி. ஒருமுறை கொடுத்தால் ஆண்கள் மூன்று மாதம், பெண்கள் நாலு மாதம் காத்திருக்க வேண்டும். அந்த நாட்களில் தனக்கு இங்கே வேலையில்லை என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அவர்களுக்கென்று ‘திண்ணை’ என்று தனிக் குரூப் வைத்தேன். அழைப்புக் குரூப்பில் அட்மின்கள் மட்டும் எழுதலாம், திண்ணையில் எல்லோரும் பேசலாம். மஞ்சள் விலை, காதுகுத்து அழைப்பு, குட்மார்னிங் ரோஜாப்பூ எல்லாம் அங்கேதான். (ரோஜாப்பூவை ஒழிக்கப் பார்த்துத் தோற்றுவிட்டேன்.) பேசிப் பழகினதில் யாரிடம் வண்டி இருக்கிறது, யார் ராத்திரி விழித்திருப்பார் என்பது தெரிந்துபோனது. திங்கட்கிழமை ராத்திரி ஜவுளிச் சந்தைக்காகக் கண்விழிக்கிற கடைக்காரத் தம்பிகள் இருக்கிறார்கள். அன்றைக்கு ரெண்டு மணிக்குக் கொடையாளரை அழைத்துவர அவர்கள் வண்டிதான்.

இப்படிக் குரூப் நடத்துகிறவர்கள் பெண்களின் பாதுகாப்பு விஷயத்தில் கறாராக இருங்கள். குரூப்பில் நம்பர் எல்லார் கண்ணுக்கும் தெரியும். ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு நடுராத்திரி ‘ஹாய்’ வந்தது. அனுப்பியவரை அப்போதே நீக்கினோம். விரும்பாத பெண்களைக் குரூப்பில் சேர்ப்பதில்லை, ஒரு அக்கா நேரடியாகப் போன் செய்துவிடுவார். ஒருவர் நம்பர் இன்னொருவருக்குத் தெரியாமல் எல்லாருக்கும் ஒரே செய்தி போகிற பிராட்காஸ்ட் வைக்கலாமே என்பார்கள். நம் நம்பரைச் சேமித்து வைக்காதவருக்கு அது போகவே போகாது. காசு பேசுகிறவருக்கும் இடமில்லை. உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் 1998 ஜனவரி முதலே காசுக்கு ரத்தம் கொடுப்பதற்குத் தடை இருக்கிறது.

தறிக்காரத் தம்பியை நானே திரும்பச் சேர்த்தேன். பேச்சு அதிகமில்லை அவரிடம். மறுபடி கொடுத்துவிட்டுப் போனவர், போன வாரம் விடியற்காலையில் திண்ணையில் ஒரு வரி போட்டிருந்தார்: “அக்கா, மூணு மாசம் முடிஞ்சுதுங்க. எப்ப வரட்டுங்க?”