கீழே சிக்கினால் மேலே பாருங்கள்

மேற்கு மாம்பலத்தில் தையல் மெஷின் பழுது பார்க்கிறேன். சென்ற வாரம் மட்டும் மூன்று பாபின் கேஸ்கள் (கீழ் நூல் சுற்றிய பாபினை வைக்கும் கூடு) வந்தன. மூன்றிலும் கீழ் நூலின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் குட்டித் திருகைக் கழற்றி விளையாடியிருந்தார்கள். ஒன்றில் திருகே இல்லை. மூவரும் புதிதாகக் குயில்ட், அதாவது நடுவில் பஞ்சு வைத்த போர்வை, தைக்கத் தொடங்கியவர்கள். மூவரும் சொன்னது ஒன்றுதான்: “அடியில் நூல் சிக்குகிறது சார், பாபினில் கோளாறு.”

பாபினில் கோளாறு இல்லை. சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, எழுதியாவது பார்க்கிறேன்.

துணிக்கு அடியில் குருவிக்கூடு போலத் திரள்வது மேல் நூல். நம்பாவிட்டால் மேலே சிவப்பு நூலும் பாபினில் வெள்ளை நூலும் போட்டுத் தைத்துப் பாருங்கள், கூடு சிவப்பாகவே இருக்கும். மேல் நூல், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் இரண்டுக்கும் நடுவே உட்கார வேண்டும். துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட் இறங்கியிருந்தால் தட்டுகள் இறுகிவிடும். அப்போது கோத்தால் நூல் உள்ளே போகாது. பிடிப்பில்லாத நூல், ஆள் கைவிட்ட கிணற்றுக் கயிறு மாதிரி. இறங்கிக்கொண்டே போகும், மேலேறாது. இதற்குப் பாபின் திருகைத் தண்டித்து என்ன பயன்?

ஃபுட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு நூல் கோத்துக்கொள்ளுங்கள். பிறகு ஃபுட்டை இறக்கி நூலை இழுத்தால் கைக்கு இறுக்கம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மறுபடி கோத்துக்கொள்ளுங்கள். தைக்கத் தொடங்கும்போது கீழ் நூலை மேலே எடுத்து, இரு நுனிகளையும் பிடித்தபடி முதல் மூன்று தையல் போடுங்கள். பாதிச் சிக்கல் இதிலேயே தீரும்.

மற்றவை எளிய விஷயங்கள். மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சேஃப்டி பின் வைத்துக் குத்துங்கள். ஊசி நெருங்கும் முன் பின்னைக் கழற்றுங்கள். நடுவில் தொடங்கி ஓரத்துக்குப் போங்கள். நேர்கோட்டுத் தையலுக்கு துணியை மேலிருந்தும் சேர்த்து நகர்த்தும் வாக்கிங் ஃபுட் வாங்குங்கள், தையல் நீளம் 2.5 முதல் 3 மில்லிமீட்டர், ஊசி 14-ஆம் எண். எட்டு மணி நேரம் தைத்தால் ஊசியை மாற்றுங்கள். ஊசியில் மிச்சம் பிடித்து மெஷினுக்குச் செலவழிப்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். வளைகோட்டுத் தையலுக்கு, அடியில் துணியை நகர்த்தும் பற்களை இறக்கிவிட்டு, கழிவுத் துணியில் கை பழகிய பிறகு போர்வைக்கு வாருங்கள். முதல் முயற்சியே இரட்டைக் கட்டில் அளவில் வேண்டாம், மேசை விரிப்பு போதும். கோடவுன் தெருவில் வாங்கிய அடர்நிறப் பருத்தியைத் துவைக்காமல் வெட்டாதீர்கள். தேங்காய் எண்ணெயை மெஷினில் ஊற்றாதீர்கள், பிசினாகிவிடும். அதைச் சுரண்டுவதற்கு நான் தனிக் கூலி வாங்குகிறேன்.

போர்வையின் கனம் மேசையிலிருந்து தொங்கக் கூடாது. இடப்பக்கமும் பின்பக்கமும் நாற்காலி போட்டுத் தாங்குங்கள். கனத்த துணி நகரவில்லை என்று பின்னாலிருந்து இழுக்கிறார்களே, அதுதான் ஊசிக்கு எமன். ஊசி வளைந்து தகட்டில் இடித்து உடையும்.

திருகைத் தொலைத்தவர் அப்படித்தான் இழுத்திருக்கிறார். ஆறு மாதக் குழந்தைக்காகத் தைத்த போர்வை. உடைந்த ஊசியின் நுனி எங்கே என்று கேட்டேன். “குப்பையோடு போயிருக்கும் சார்” என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஸ்பீக்கரிலிருந்து எடுத்து வைத்திருந்த காந்தத்தைப் போர்வை மேல் மெல்ல ஓட்டினேன். மூன்றாம் வரிசைக் கட்டத்தில் துணி லேசாக எழும்பியது. தையலைப் பிரித்தால், பஞ்சுக்குள் கால் அங்குல எஃகு.

அம்மா, ஊசி உடைந்தால் துண்டுகளைப் பொறுக்கி ஒரு புதிய ஊசியின் பக்கத்தில் வைத்து நீளம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். குறைந்தால் நுனி கிடைக்கும்வரை அந்தப் போர்வையைப் பிள்ளைக்குப் போர்த்தாதீர்கள். காந்தம் இல்லையென்றால் கடைக்கு எடுத்து வாருங்கள், அதற்குக் காசு வேண்டாம்.